குரத்தியர்: நம் மரபில் தலைமை வளர்ந்த வழி

தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வதற்கான பயிற்சி வகுப்புகள் இன்று நகரந்தோறும் நடைபெறுகின்றன. நம் சமூகத்து இளைஞர் பலரும் தத்தம் அலுவலகங்கள் வாயிலாக அவற்றில் பங்கு பெறுகின்றனர். ஊக்கம், தன்முனைப்பு, குழுவை நடத்தும் திறன் என அங்கே கற்பிக்கப்படுவன பயனற்றவை அல்ல. ஆயினும், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பிறரை வழிநடத்தும் பொறுப்பைக் கற்று, ஏற்று, அடுத்தவரிடம் ஒப்படைத்த மரபு ஒன்று நம்முடைய குன்றுகளிலேயே எழுத்தாக நிற்கின்றது. அம்மரபின் தலைவியரைக் கல்வெட்டுகள் குரத்தியர் என அழைக்கின்றன. அவர்களைப் பற்றி நம் இல்லங்களில் மிகக் குறைவாகவே பேசப்படுகின்றது என்பதனால் இக்கட்டுரையை அவர்களுக்கென ஒதுக்குகின்றேன்.

குரவர் என்பது ஆசானைக் குறிக்கும் சொல். அதன் பெண்பால் வடிவமே குரத்தி. கல்வெட்டுகள் இச்சொல்லைத் தனித்து விடுவதில்லை. குரத்தியார், குரத்திகள், குரத்தியடிகள் என மதிப்புப் பன்மை சேர்த்தே வழங்குகின்றன. ஆண் துறவியரைப் படாரர், அடிகள் எனக் குறித்த அதே பணிவு பெண் துறவியர்க்கும் வழங்கப்பட்டது. தமிழ் பயின்றோர் இதனை இலக்கணச் செய்தியாக மட்டும் கொள்ளலாகாது. ஒரு சமூகம் யாரைத் தன் ஆசானாக ஏற்றுக்கொண்டது என்பதற்கு விகுதியைக் காட்டிலும் நேர்மையான சான்று அரிது. புகழுரைகளை விலைக்கு எழுதுவிக்கலாம். ஊரார் நாவில் இயல்பாக வந்து ஒட்டிக்கொள்ளும் ஓர் ‘ஆர்’ விகுதியை அவ்வாறு பெற இயலாது.

தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலைக்குச் சென்றோர் அக்காட்சியை மறவார். மலைச்சரிவில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள் அமைந்துள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் சிறு சிறு கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள் அங்கே உள்ளன. பெரும்பாலன 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. பெரும்பான்மையும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை: இன்ன ஊர், இன்னாருடைய மாணாக்கர், இன்னார் செய்வித்த திருமேனி. உழவரும் தச்சரும் கொல்லரும் குயவரும் திருமேனி செய்வித்தோராக அங்கே இடம்பெறுகின்றனர். அவர்களோடு அதே வரிசையில், அதே அளவு எழுத்தில், திருச்சாரணத்துக் குரத்திகள், சங்கக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார், பேரூர்க் குரத்தியார், திருப்பருத்திக் குரத்தியார், நால்கூர்க் குரத்தியார் எனப் பெயர்கள் வருகின்றன.

இப்பெயர்களைச் சற்று நின்று நோக்குதல் தகும். இவற்றுள் ஒன்றேனும் அவ்வம்மையாரின் இயற்பெயர் அன்று. மிழலூரினர், பேரூரினர், நால்கூரினர் என ஊரே பெயராக நிற்கின்றது. துறவு மேற்கொண்டபோது இயற்பெயர் உதிர்ந்தது. கற்பித்த ஊரோ, வந்த ஊரோ, ஊரார் இட்ட பெயராக அந்த இடத்தில் அமைந்தது. தன் பெயரை நிலைநாட்டவே தலைமையை விரும்புவோர் மிகுந்த காலத்தில், தன் பெயரை இழந்த பிறகே தலைமையை எய்திய இவர்களை எண்ணும்போது எனக்கு வியப்பே மிகுகின்றது.

மற்றொன்றும் உண்டு. மிழலூர்க் குரத்தியார் பேரூர்க் குரத்தியாரின் மாணாக்கியார். திருப்பருத்திக் குரத்தியார் பட்டினிப் படாரரின் மாணாக்கியார். அஃதாவது, பெண்ணாசானிடம் பயின்ற பெண்ணாசானும் உண்டு. ஆணாசானிடம் பயின்ற பெண்ணாசானும் உண்டு. குரத்தி எனும் நிலையை அடைந்த பின்னரும், தம்மைக் குறிக்க நேர்ந்த இடத்தில் ஆசானின் பெயரை முதலிலும் தம் பெயரைப் பின்னரும் இவர்கள் பொறிக்கச் செய்தனர். மாணாக்கியாய் இருந்த காலம் ஒரு படியாக மிதித்துக் கடக்கப்பட்டதன்று. அவர்தம் தலைமையின் அடையாளமாகவே அது கல்லில் நிலைத்தது.

திருச்சாரணத்துக் குரத்திகள் என்னும் பெயர் நம்மை வேறோர் குன்றுக்கு அழைத்துச் செல்கின்றது. திருச்சாரணத்துமலை என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கும் நம் தீர்த்தங்கரர் திருமேனிகளும் இயக்கியர் உருவங்களும் பாறையில் உள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமிப் படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் என்பார் அம்மலையின் பட்டாரியர்க்குப் பொன்னணி வழங்கிய செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது. சிதறாலிலிருந்து கழுகுமலை நூறு கிலோமீட்டருக்கும் மிகுந்த தொலைவில் உள்ளது. இன்று பேருந்திலேயே பல மணிநேரம் ஆகும் வழி. ஊர்தி ஏறாத, வெறுங்காலுடன் நடக்கும் நோன்புடைய ஒரு துறவியின் மலைப்பெயர் அத்தொலைவு கடந்து கழுகுமலையில் பதிந்துள்ளது. இருந்த இடத்தில் இருந்துகொண்டு ஆணையிடும் தலைமை அன்று அது.

இனி வேடலுக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் நம்மவர் வாழும் ஊர்களுக்கு இது அண்மையிலுள்ள இடம். கல்வெட்டில் இதன் பெயர் விடால் என வருகின்றது. மாதேவி ஆரந்திமங்கலம் என்றும் அதற்கு மறுபெயர் உண்டு. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று அங்கே உள்ளது. குணகீர்த்திப் படாரரின் மாணாக்கியாரான கனகவீரக் குரத்தியார் அவ்வூரில் இருந்தார். அவர்தம் வழியில் ஐந்நூறு பெண் மாணாக்கியர் இருந்தனர். அவர்களுக்கும், நானூற்றுவரான வேறொரு தவக்குழுவினர்க்கும் இடையே இணக்கம் இல்லாது போயிற்று. அந்நிலையில் ஊரார் முன்வந்து கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றனர். கல்வெட்டின் சாரம் இவ்வளவே.

ஐந்நூறு என்னும் எண்ணை எளிதாகக் கடந்து போதல் கூடாது. ஆசிரியப் பணியில் இருந்தோர்க்கு ஐந்நூறு மாணவியர் என்றால் என்ன என்பது தெரியும். அது இன்றைய ஒரு நடுத்தர உயர்நிலைப் பள்ளி. ஒவ்வொருவர்க்கும் இருக்க இடம் வேண்டும், நாள்தோறும் உணவு வேண்டும், பாடம் வேண்டும், நோயுற்றால் துணை வேண்டும். மணியடித்து மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிடும் வசதியும் அங்கே இல்லை. நம் சமயத்தின் உணவு நெறியோ மிகக் கடுமையானது: பொழுது சாய்ந்தபின் உண்ணலாகாது, நீரை வடித்தே பருக வேண்டும், விலக்கப்பட்ட பொருள்கள் பல. இத்தனை நெறியோடு ஐந்நூற்றுவரை ஒழுங்குபடுத்தி நடத்திய ஒருவர் வெறும் பாடம் சொல்லிய ஆசிரியையாக மட்டும் இருந்திருக்க இயலாது.

பூசலின் காரணத்தைக் கல்வெட்டு விரித்துரைக்கவில்லை. யார் பக்கம் பிழை என்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. நம் முன்னோர் இங்கு ஒரு நாகரிகத்தைக் கையாண்டுள்ளனர். பூசலைக் கல்லில் நிலைக்கச் செய்யாமல், பூசலின் விளைவாக ஊர் ஏற்ற பொறுப்பை மட்டும் நிலைக்கச் செய்தனர். இக்காலத்தில் ஓர் அறக்கட்டளைக் கூட்டத்தில் எழும் மனத்தாங்கல் தலைமுறை கடந்தும் நினைவில் வைக்கப்படுகின்றது. அக்கூட்டத்தில் ஏற்ற பணி மறக்கப்பட்டுவிடுகின்றது. அவர்கள் செய்தது இதற்கு நேர் எதிரானது.

மேலும் ஒன்று. ஐந்நூற்றுவர் துணையிருந்தும் குரத்தியாரின் வலிமை எண்ணிக்கையில் இல்லை. நானூற்றுவரை ஐந்நூற்றுவர் எதிர்த்து வென்றனர் என்றோ வெளியேற்றினர் என்றோ செய்தி இல்லை. ஊரார் தாமே முன்வந்து, இவரை நாங்கள் காப்போம் என்றனர். ஆட்சியாண்டு மன்னனுடையது, பொறுப்பு ஊராருடையது. அந்நம்பிக்கை ஒருநாளில் விளைந்திராது. நெருக்கடி வந்தபோது ஒரு தலைவர்க்கு யார் துணை வருகின்றனர் என்பது, நெருக்கடி வருவதற்கு முன் அவர் வாழ்ந்த ஆண்டுகளைப் பொறுத்தது. கனகவீரக் குரத்தியாரின் அந்த ஆண்டுகளைப் பற்றிக் கல் பேசாவிடினும், ஊராரின் உறுதிமொழி அவற்றைப் பேசுகின்றது.

கல்வெட்டுகளில் ஒரு வரியாய் நிற்கும் இவ்வாழ்க்கையை முழு உருவில் காண விழைவோர் சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளிடம் செல்லலாம். அவர் காப்பிய மாந்தர். வரலாற்று மாந்தர் எனக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் குரத்தியர் வாழ்ந்த தமிழகத்தை அறிந்த புலவர் ஒருவர் படைத்த உருவம் அது. புகாரை விட்டு மதுரைக்குப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் காவிரிக்கரைச் சோலையில் அவர்தம் பள்ளியை அடைகின்றனர். மெல்லடி கொண்ட இப்பெண்ணால் இவ்வழியைக் கடக்க இயலாதே என்று அடிகள் எண்ணுகின்றார். அவர்கள் திரும்பார் என்பது தெளிவானதும், மதுரைக்குச் சென்று அறவுரை கேட்கும் விருப்பம் தமக்கும் உண்டு எனக் கூறி உடன் புறப்படுகின்றார்.

வழி தொடங்கும் முன் அவர் கூறும் அறிவுரைகளை வகுப்பில் பாடமாக நடத்துவோர் பெரும்பாலும் இயற்கை வருணனை என்று சொல்லிக் கடந்துவிடுவர். எனக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகள் உண்டு. உதிர்ந்த பூக்கள் அவற்றை மூடியிருக்கும். குழிக்கு அஞ்சி விலகினால் தாழத் தொங்கும் பலாப்பழம் தலையில் மோதும். மஞ்சளும் இஞ்சியும் பயிரான இடத்தில் பலாக்கொட்டைகள் பரல்போல் காலை உறுத்தும். இவை கண்ணகியின் கால்களுக்கான கவலை. வயல் வழியே சென்றாலோ, கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து நீர்நிலையில் தேன் கலந்திருக்கும். நீர்வேட்கையில் அறியாது அள்ளிப் பருகிவிடக்கூடும். களை பறிப்போர் வரப்பில் இட்ட குவளை மலர்க்குவியலில் வண்டுகள் துயிலும். வழிநடைக் களைப்பில் அவற்றின்மேல் கால் பட்டுவிடக்கூடும். நண்டும் நத்தையும் மிதிபடக்கூடும். இவை பிற உயிர்களுக்கான கவலை.

தேனை விலக்கிய நம் இல்லத்தார்க்கு அந்தத் தேன்கலந்த நீரைப் பற்றிய எச்சரிக்கை எவ்வளவு நுட்பமானது என்பதை விளக்க வேண்டுவதில்லை. உடன் வருவோரின் இயலாமையையும், அவர்கள் தம்மை அறியாமல் செய்துவிடக்கூடிய பிழையையும், அப்பிழையால் துன்புறக்கூடிய வாயில்லா உயிரையும் ஒருங்கே எண்ணிப் பார்த்துப் பயணத்தைத் தொடங்குகின்றார் அடிகள். எந்த வழியும் இடரற்றதன்று என்பதையும் மறைக்காமல் கூறிவிடுகின்றார். எல்லாம் நலமாகும் என்று பொய்யூக்கம் அளிப்பதைக் காட்டிலும் இது மேலான ஊக்கம் என்பது என் கருத்து.

அவரிடமும் சினம் உண்டு. வழியில் எதிர்ப்பட்ட இருவர் கோவலனையும் கண்ணகியையும் யாரென வினவ, என் மக்கள் என்கின்றார் அடிகள். ஒரு தாய் வயிற்று மக்கள் கணவன் மனைவியாய் வாழ்வதுண்டோ என அவர்கள் எள்ளி நகைக்க, முதுநரிகளாகுமாறு சபித்துவிடுகின்றார். நரியின் ஊளை கேட்டு நடுங்கிய கோவலனும் கண்ணகியும், அறியாமையால் பிழைத்தோரைப் பொறுத்தருள வேண்டுகின்றனர். பன்னிரு திங்களில் விடுதலை என அடிகள் தணிகின்றார். துறவிக்குச் சினம் தகுமா என்று மாணவர் ஆண்டுதோறும் வினவுவர். தகாது என்பதுதான் விடை. ஆனால், தம்மை நம்பி உடன்வந்த இளையோர் இருவர் சொன்ன சொல்லுக்கு அவர் செவி கொடுத்தார். தம் முடிவை மாற்றிக்கொண்டார். அதனால் அவர் தகுதி குறைந்ததாக இளங்கோவடிகள் கருதவில்லை.

மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கின்றார். தம்மால் உள்ளே அழைத்துச் செல்ல இயலாத இடத்தில், தக்கார் ஒருவரைத் தேர்ந்து ஒப்புவித்தது அது. பின் நிகழ்ந்த கொடுமையை அறிந்ததும் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார் என்பதை வஞ்சிக் காண்டத்தில் மாடலன் வாயிலாக அறிகின்றோம். இதனைச் சல்லேகனை எனச் சிலர் எழுதுகின்றனர். சல்லேகனை துயரத்தால் மேற்கொள்ளப்படுவதன்று. பற்றும் கலக்கமும் நீங்கிய மனத்தோடு முறைப்படி ஏற்பது. எனவே இரண்டையும் ஒன்றெனச் சொல்லத் தயங்குகின்றேன். தாம் ஏற்ற பொறுப்பு சிதைந்ததைத் தாங்க மாட்டாத உள்ளத்தின் முடிவு என்று கொள்வதே காப்பியத்தோடு பொருந்தும்.

நீலகேசியையும் இங்கே ஒரு சொல்லில் நினைவுகூரலாம். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் சமய திவாகர வாமன முனிவரின் உரையோடு பதிப்பித்ததனால் நம் கைக்குக் கிடைத்த நூல் அது. முனிசந்திர முனிவரை அச்சுறுத்தி விரட்ட வந்த பழையனூர் நீலி, அவரிடமே அறம் கேட்டு, பின் ஊர் ஊராய்ச் சென்று பிற சமயத்தாரோடு வாதிடும் அறிவுடையாளாய் உயர்கின்றாள். மாணாக்கியாகும் தகுதிக்குப் பழைய வாழ்வு தடையாக நிற்கவில்லை.

இனி, தலைமையை ஏற்பதைப் போலவே விடுவதற்கும் நம் மரபில் முறை உண்டு. பஞ்ச பரமேட்டிகளுள் ஆசாரியரும் உபாத்தியாயரும் தனித்தனியே வணங்கப்படுகின்றனர். கற்பிப்பவர் உபாத்தியாயர்; சங்கத்தை நடத்துபவர் ஆசாரியர். அத்தகைய ஆசாரியரும் தம் இறுதிக்காலம் அண்மியதை உணர்ந்தால், தக்க மாணாக்கர் ஒருவரைத் தேர்ந்து சங்கப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்து, இதுகாறும் தம்மால் எவர்க்கேனும் மனவருத்தம் நேர்ந்திருப்பின் பொறுத்தருளுமாறு சங்கத்தார் அனைவரிடமும் வேண்டி, பின்னரே நோன்புக்குச் செல்ல வேண்டும் எனச் சிவாரியரின் பகவதி ஆராதனை விதிக்கின்றது. தாம் உருவாக்கிய சங்கத்திலேயே இருந்தால் பற்றும் ஆணையிடும் வழக்கமும் தொடரும் என்பதனால் அதனை விட்டு விலகவும் சொல்கின்றது. மாணாக்கர் தம்மிடம் பொறுத்தருள வேண்டுவது எங்கும் உண்டு. தலைவர் மாணாக்கரிடம் வேண்டுவது நம் நெறியின் சிறப்பு.

இவ்விடத்தில் நம் ஊர்களின் இன்றைய நிலையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நம் சினாலயங்கள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்திருந்த குடும்பங்கள் பல சென்னைக்கும் பெங்களூருக்கும் பெயர்ந்துவிட்டன. சில ஊர்களில் நாள்வழிபாட்டுக்கு இருப்பவர் இரண்டு மூன்று முதியோர் மட்டுமே. அறங்காவலர் பொறுப்பு பல இடங்களில் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கின்றது. அல்லது நன்கொடையின் அளவுக்குச் செல்கின்றது. மகன் வெளிநாட்டில் இருப்பின் பொறுப்பு பெயரளவில் அவனிடமும், சாவி பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் இருக்கின்றன. அந்தப் பாட்டியின் பெயர் எந்த நிருவாகக் குழுப் பட்டியலிலும் இராது. குழந்தைகளுக்கு நவகாரம் முதலிய துதிகளைச் சொல்லிக்கொடுப்பவர் அவர். பருவ நாள்களின் கணக்கை வைத்திருப்பவர் அவர். வருகின்ற விருந்தினர்க்குப் பொழுது சாய்வதற்குள் உணவு சமைப்பவரும் அவரே. ஆண்டுக் கூட்டத்தில் மேடையில் அமர்பவர் வேறொருவர். மிழலூர்க் குரத்தியார் வாழ்ந்த நூற்றாண்டில் இவ்வாறு இல்லை என்பதற்குக் கழுகுமலைப் பாறை சான்று. பிற்காலக் கல்வெட்டுகளில் குரத்தியர் பெயர்கள் அருகிவிடுகின்றன. அந்த இடைவெளி இன்னும் நிரப்பப்படவில்லை.

இன்று பட்டம் பெற்ற மகளிர் நம் இல்லங்களில் நிறைந்துள்ளனர். வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் தலைமைப் பொறுப்பில் இருப்போரும் உண்டு. அலுவலகத்தில் நூறு பேரை நடத்தும் ஒருவர், தம் ஊர்ச் சினாலயத்துக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுவிட்டுச் செல்கின்றார். வேடல் ஊரார் இதைக் கண்டால் என்ன நினைப்பர் என்று சில வேளை எண்ணிப் பார்ப்பதுண்டு.

இறுதியாக விளாப்பாக்கத்தைக் குறிப்பிட வேண்டும். ஆர்க்காட்டுப் பகுதியில், பஞ்சபாண்டவமலை என வழங்கும் திருப்பான்மலைக்கு அருகில் உள்ள ஊர் அது. முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 945ஆம் ஆண்டளவில், திருப்பான்மலை அரிட்டநேமிப் படாரரின் மாணாக்கியாரான பட்டினிக் குரத்தியடிகள் அங்கே ஒரு கிணறு வெட்டுவித்தார். பட்டினி என்பது நோன்பைக் குறிக்கும் பெயர். தாம் உண்ணாது நோற்பதால் பெயர் பெற்றவர் பிறர் பருகுவதற்கு நீர் கண்டார். அக்கிணறும் அதனை அடுத்த மனையும் பெண்பள்ளிக்கு உரியனவாயின. அவற்றின் பொறுப்பு அடிகளின் கையிலோ அவர்தம் உறவினர் கையிலோ வைக்கப்படவில்லை. ஊர் நிருவாகத்தைக் கவனித்த இருபத்துநால்வரிடம் ஒப்படைக்கப்பட்டது.